கலம் தன்னையே உண்ணும் கதை: நோபல் பரிசும் நமது நோன்பும்

ஒவ்வொரு வருடமும் றமழான் தலைப்பிறைக்கு ஒரு வாரம் முன்பே அந்தக் குரல் பதிவு எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடும். யப்பான் விஞ்ஞானி ஒருவர் நோன்பின் நன்மையைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிவிட்டார், பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கெட்ட கலங்களை நல்ல கலங்கள் தின்றுவிடும், புற்றுநோய் வராது, சீனி வருத்தம் மாறிவிடும் என்பது அதன் சாரம். வருடத்துக்கு வருடம் நோய்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டு போகும்.

இதைப் பரப்புவோரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. குச்சவெளியில் இதை ஒலிவாங்கியில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. 2017 மே மாதம், நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு முதல் நாள் காலைக் கூட்டத்தில், விஞ்ஞான ஆசிரியை என்ற தோரணையோடு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இதையேதான் சொன்னேன். ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று, பல வருடங்கள் கற்பித்த பிறகும், அந்தச் செய்தியின் மூலம் என்னவென்று ஒரு தடவை தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நமக்குப் பிடித்தமான செய்தியை நாம் சோதிப்பதில்லை.

அடுத்த வருட நோன்பில் அதன் விலை தெரிந்தது. என் மாமா கடற்றொழில் செய்பவர். பத்து வருடமாகச் சீனி வருத்தம். இன்சுலின் ஏற்றுகிறவர். டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நோன்பு பிடியுங்கள் என்று மாமி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டினி நீண்டால் உடம்பு இன்னும் சுத்தமாகும் என்று நம்பி, ஸஹருக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டார். இன்சுலினை மட்டும் வழமையான அளவிலேயே ஏற்றினார். பன்னிரண்டாம் நோன்பன்று லுஹருக்குப் பிறகு கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், வியர்த்து வடிந்து, பேச்சுக் குழறி, அப்படியே சரிந்துவிட்டார். வைத்தியசாலையில் பார்த்தபோது இரத்தத்தில் குளுக்கோசு 38 மில்லிகிராம்தான் இருந்தது. குளுக்கோசு ஏற்றிக் கண் விழித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீதானே மகள் சொன்ன, அதுக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்கெண்டு.”

அல்ஹம்துலில்லாஹ், அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நான் இந்த விடயத்தை முறையாகப் படித்தேன். குரல் பதிவில் வருவதைவிட உண்மைக் கதை எத்தனையோ மடங்கு அழகானது. அதைப் பாடசாலைப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த ஈரல்

கதை தொடங்குவது யப்பானில் அல்ல, பெல்ஜியத்தில். லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் என்பவர் இன்சுலின் ஈரலில் எவ்வாறு தொழிற்படுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எலியின் ஈரலை அரைத்து, அதிலுள்ள ஒரு நொதியத்தை அளந்தபோது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அதே கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் சில நாட்கள் வைத்துவிட்டு மீண்டும் அளந்தால் நொதியத்தின் அளவு ஏறியிருந்தது. நொதியம் புதிதாக உருவாகவில்லை. அது ஒரு மென்சவ்வுப் பைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. நாட்கள் செல்லப் பை கிழிந்து வெளியே வந்திருக்கிறது.

அந்தப் பைக்கு 1955இல் இலைசோசோம் என்று பெயர் வைத்தார். சாதாரண தரப் பிள்ளைகள் கலத்தின் படத்தில் ஒரு சிறு வட்டமாக வரைந்துவிட்டுப் போகும் அதே இலைசோசோம்தான். புரதம், கொழுப்பு, காபோவைதரேற்று என எதையும் வெட்டிச் சிதைக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதியங்கள் அதற்குள் அமிலத்தில் ஊறிக் கிடக்கின்றன. இது திறந்த நிலையில் கலத்துக்குள் இருந்தால் கலமே கரைந்து போய்விடும். அதனால்தான் பூட்டு.

அதன் பின்னர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்தது. சில பைகளுக்குள் கலத்தின் சொந்தப் பாகங்களே பாதி செரித்த நிலையில் கிடந்தன. கலம் தன்னுடைய உறுப்புகளையே எடுத்துச் செரிக்கிறது. 1963இல் டி டூவ் இதற்கு ஓட்டோபஜி என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ஓட்டோ என்றால் தான், பஜி என்பது உண்ணுதலைக் குறிக்கும். தமிழில் தன்னுண்ணல் என்று சொல்லலாம். கலத்தின் அமைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1974இல் அவர் மற்ற இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்ட கலத்தை நல்ல கலம் தின்பதல்ல இது. ஒரே கலம், தனக்குள் இருக்கும் பாகங்களைத் தானே பிரித்து எடுத்து, உடைத்து, மீண்டும் பயன்படுத்துவது.

மதுவத்தைப் பட்டினி போட்டவர்

பெயர் வைத்தாயிற்று. ஆனால் இந்த வேலையை எந்தப் பரம்பரையலகுகள் நடத்துகின்றன என்பது அடுத்த முப்பது வருடங்களுக்கு யாருக்கும் தெரியாது. அதைத் தெளிவாக்கியவர்தான் யொஷினோரி ஓசுமி. 1945இல் புக்குவோக்காவில் பிறந்தவர். 1988இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு ஆய்வுகூடம் கிடைத்தபோது அவருக்கு வயது 43. மற்றவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டார். அது மதுவத்தின் புன்வெற்றிடம். பாண் புளிக்கப் பயன்படும் அதே மதுவம்தான். மதுவத்தில் இலைசோசோமின் வேலையைச் செய்வது அதன் புன்வெற்றிடம்.

அவர் செய்த சோதனை எளிமையானது. புன்வெற்றிடத்திலுள்ள, புரதத்தை வெட்டும் நொதியங்கள் பழுதான மதுவத்தை எடுத்தார். அதற்கு நைதரசன் கிடைக்காமல் செய்தார். செரிமானம் நடக்காது, ஆனால் உள்ளே எடுத்துச் செல்வது நடக்கும், ஆகவே எடுத்துச் சென்றது எல்லாம் அங்கேயே தேங்கும் என்பது அவரது கணக்கு. சில மணித்தியாலங்களில் புன்வெற்றிடம் முழுவதும் சிறு உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியிலேயே அது தெரிந்தது.

பிறகு ஆயிரக்கணக்கான விகார மதுவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எவற்றில் அந்த உருண்டைகள் வரவில்லை என்று தேடினார். 1993இல் தன்னுண்ணலுக்கு இன்றியமையாத 15 பரம்பரையலகுகளை அவரும் அவரது மாணவியும் அறிவித்தார்கள். அவற்றையொத்த பரம்பரையலகுகள் நெல்லிலும் எலியிலும் மனிதரிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. 2016 ஒக்டோபர் 3ஆம் திகதி மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு மட்டும் தனியாக அறிவிக்கப்பட்டது.

பரிசு கொடுத்தது இந்தப் பொறிமுறையைக் கண்டுபிடித்ததற்கு. ஓசுமி நோன்பாளிகளை ஆராயவில்லை. மனிதரை எத்தனை மணித்தியாலம் பட்டினி போட வேண்டும் என்று அவர் கணக்குச் சொல்லவும் இல்லை. அவர் பட்டினி போட்டது மதுவத்தை.

உள்ளே நடப்பது என்ன?

வளர்ந்த ஒருவரின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 300 கிராம் வரையான புரதத்தைப் புதிதாக ஆக்குகிறது. நாம் உணவில் எடுப்பது சுமார் 70 கிராம். மிகுதி எங்கிருந்து வருகிறது? பழைய புரதங்களை உடைத்துக் கிடைக்கும் அமினோவமிலங்களிலிருந்துதான். இந்த மீள்சுழற்சியில் ஒரு முக்கிய பங்கு தன்னுண்ணலுடையது.

வேலை நடக்கும் விதம் இது. கலத்தில் டோர் என்றொரு புரதம் காவற்காரனாக இருக்கிறது. அமினோவமிலமும் இன்சுலினும் தாராளமாக இருக்கும்வரை அது தன்னுண்ணலை அமர்த்தி வைத்திருக்கும். அவை குறைந்தால் பிடியைத் தளர்த்தும். உடனே கலத்தின் திரவத்தில், பெரும்பாலும் அகமுதலுருச் சிறுவலைக்கு அருகில், கிண்ணம் போன்று வளைந்த ஓர் இரட்டை மென்சவ்வு தோன்றும். அது வளர்ந்து, உடைக்க வேண்டியதைச் சுற்றி வளைத்து, வாயை மூடிக்கொண்டு ஒரு பையாகிவிடும். அந்தப் பை இலைசோசோமுடன் இணைந்ததும் உள்ளிருப்பது சிதைக்கப்படும். கிடைக்கும் அமினோவமிலமும் கொழுப்பமிலமும் மீண்டும் கலத்தின் பாவனைக்கு வெளியே விடப்படும். எதுவும் குப்பைக்குப் போவதில்லை.

பட்டினியின்போது இது எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டிய ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. செய்தவர் ஓசுமியிடம் பயின்ற நொபொரு மிசுஷிமாவின் குழுவினர். எலிக்குட்டி பிறந்ததும் தொப்புள்கொடி வழியாக வந்த உணவு நின்றுவிடுகிறது. தாய்ப்பால் இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் குட்டியின் இதயம், சுவாசப்பை போன்றவற்றில் தன்னுண்ணல் திடீரென உயர்ந்து, ஓரிரு நாட்களில் பழைய நிலைக்கு இறங்கியது. தன்னுண்ணலுக்கான ஒரு பரம்பரையலகை நீக்கிய குட்டிகள் பார்வைக்குச் சாதாரணமாகவே பிறந்தன, ஆனால் ஒரு நாளைக்குள் இறந்துபோயின. உலகத்தில் முதல் மூச்சு விட்ட உயிர் முதல் சொட்டுப் பால் கிடைக்கும்வரை தன்னைத் தானே சிறிது உண்டு தாக்குப்பிடிக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

பசிக்காகக் காத்திராத வேலை

நான் காலைக் கூட்டத்தில் சொன்னதில் மிகப் பெரிய பிழை இனி வருவதில்தான் இருக்கிறது. பட்டினி இருந்தால்தான் கலம் சுத்தமாகும் என்று சொல்லியிருந்தேன். உண்மை அப்படியல்ல.

தன்னுண்ணல் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று பட்டினியின்போது நடப்பது. கையில் அகப்படும் கலத்திரவத்தை அள்ளி, உடைத்து, அன்றைய செலவைச் சமாளிப்பது. மற்றது தெரிந்தெடுத்து உடைப்பது. பழுதான இன்ன பாகம், தேவையில்லாத இன்ன பாகம் என்று அடையாளம் கண்டு, அதை மட்டும் எடுத்துச் செல்வது. வயிறு நிறைந்திருக்கும்போதும், நாம் உறங்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது. இதைத் தூண்டுவது பசியல்ல, பழுது.

எங்கள் தெருவுக்குப் பழைய இரும்பு வாங்கும் லொறி வரும். அது வீட்டுக்குள் புகுந்து கண்டதையெல்லாம் அள்ளுவதில்லை. எதை எடுக்கலாம் என்று நாம் வாசலில் வைத்தால்தான் எடுக்கும். கலத்திலும் அப்படியொரு ஏற்பாடு உண்டு. கழிக்க வேண்டிய பொருளின் மீது யுபிகுவிட்டின் என்ற, 76 அமினோவமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம் ஒட்டப்படும். தனிப் புரதம் ஒன்றின் மீது இந்த அடையாளம் விழுந்தால் அது புரோட்டியசோம் என்ற இன்னொரு சிறு இயந்திரத்தில் வெட்டப்படும். அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் திரண்டு கட்டியான புரதமோ முழு இழைமணியோ அந்த இயந்திரத்தின் வாய்க்குள் நுழையாது. அவற்றுக்குத்தான் பை வேண்டும்.

அடையாளம் ஒட்டிய பொருளையும் பையையும் இணைப்பது யார்? 2007இல் நோர்வேயில் டெர்யெ யொஹான்சனின் குழு அதைக் காட்டியது. பீ62 என்ற புரதம் ஒரு கையால் யுபிகுவிட்டினைப் பிடித்துக்கொள்கிறது. மறு கையால் பையின் உட்சுவரிலுள்ள எல்.சி.3 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறான இணைப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொறுப்பு.

மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

முதலாவது, இழைமணி. கலத்துக்குச் சக்தி தரும் இந்தப் பாகம் பழுதானால் நச்சுப் பொருட்களைக் கக்கத் தொடங்கும். பிங்க்1 என்ற புரதம் ஆரோக்கியமான இழைமணிக்குள் இழுக்கப்பட்டு உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. பழுதான இழைமணியால் அதை உள்ளே இழுக்க முடியாது. எனவே அது மேற்பரப்பில் குவிந்து, பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கிறது. பார்க்கின் வந்து யுபிகுவிட்டின் அடையாளங்களை ஒட்ட, பை வந்து சூழ்கிறது. பார்க்கின் பழுதான இழைமணிகளைத் தேடிச் சென்று சேர்வதை 2008இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூலின் ஆய்வுகூடம் காட்டியது. பார்க்கின் பரம்பரையலகு பழுதாகப் பிறப்பவர்களுக்கு இளவயதிலேயே பார்க்கின்சன் நடுக்க நோய் வருகிறது என்பது அதற்குப் பத்து வருடம் முன்பே யப்பானியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டிருந்தது.

இரண்டாவது, நமது இரத்தம். செங்குழியம் முதிரும்போது தன்னிடமுள்ள இழைமணிகள் அனைத்தையும் கழித்துவிட வேண்டும். நிக்ஸ் என்ற புரதம் அந்த இழைமணிகளைக் காட்டிக்கொடுக்கிறது. அது இல்லாத எலிகளின் செங்குழியங்களில் இழைமணிகள் தங்கிவிட, எலிகளுக்கு இரத்தச்சோகை ஏற்பட்டது. நமது என்பு மச்சையில் ஒவ்வொரு செக்கனுக்கும் சுமார் 20 இலட்சம் செங்குழியங்கள் உருவாகின்றன. நீங்கள் இந்த வரியை வாசித்து முடிக்கும் நேரத்தில் எத்தனை கோடி இழைமணிகள் கணக்குப் பார்த்துக் கழிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, மீண்டும் மதுவம். மெதனோலில் வளரும் ஒரு வகை மதுவத்தின் உடல் முழுவதும் பேரொட்சிசோம் என்ற பாகம் பெருத்து நிற்கும். மெதனோலைச் செரிக்க அது வேண்டும். அந்த மதுவத்தைக் குளுக்கோசுக்கு மாற்றினால் சில மணித்தியாலங்களில் பேரொட்சிசோம்கள் மட்டும் தேடித் தேடி அழிக்கப்படும். மற்றப் பாகங்கள் அப்படியே இருக்கும். உணவு தாராளமாக இருக்கும் நேரத்தில் நடப்பது இது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேஷ் சுப்ரமணியின் ஆய்வுகூடத்தில் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ரவி மஞ்சிதய. அவர் பின்னர் பெங்களூரில் ஜவஹர்லால் நேருவின் பெயரிலுள்ள உயர் அறிவியல் ஆய்வு நிலையத்தில் தன்னுண்ணலுக்கென்றே ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். பார்க்கின்சன் நோயில் மூளைக் கலங்களில் சேரும் புரதக் கட்டிகளைத் தன்னுண்ணலைத் தூண்டிக் கரைக்கக்கூடிய ஒரு மூலக்கூறை அவரது குழு 2017இல் எலிகளில் சோதித்துக் காட்டியது. எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாக வர நீண்ட பாதை இருக்கிறது.

நமது வயலிலும் கடலிலும்

இதெல்லாம் எங்கோ ஆய்வுகூடத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். தை, மாசியில் கும்புறுப்பிட்டிப் பக்கமோ திரியாய்ப் பக்கமோ போனால் நெல்லின் கீழ் இலைகள் மஞ்சளாவதைக் காணலாம். இலை வெறுமனே காய்ந்து போகவில்லை. அதன் பச்சையவுருமணிகளிலுள்ள புரதம் உடைக்கப்பட்டு, நைதரசன் கதிருக்கு அனுப்பப்படுகிறது. நாம் உண்ணும் சோற்றிலுள்ள புரதத்தில் ஒரு பெரும் பகுதி முன்பு இலையாக இருந்ததுதான். அந்த வேலையின் ஒரு பங்கைத் தன்னுண்ணல் செய்கிறது. தன்னுண்ணலுக்கான ஒரு பரம்பரையலகு பழுதான நெல்லை யப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் வளர்த்துப் பார்த்தபோது மகரந்தம் சரியாக முதிரவில்லை. நெல் பெரும்பாலும் பதராயிற்று.

கடலுக்கு வருவோம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள முருகைக்கற்களின் நிறம் அவற்றின் கலங்களுக்குள் குடியிருக்கும் நுண்ணிய அல்காக்களுடையது. அல்கா உணவு ஆக்கிக் கொடுக்கிறது, முருகை இடம் கொடுக்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடாகினால் இந்த உறவு முறிந்து முருகை வெளிறிப் போகும். 1998இல் உலகெங்கும் இது நடந்தபோது நமது நாட்டின் மேற்கு, தெற்குக் கரையோர முருகைகள் பெரும் அழிவைச் சந்தித்தன. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வெளிறும்போது அல்கா பல வழிகளில் இழக்கப்படுகிறது. முருகையின் கலம் தன் குடியிருப்பாளனையே இந்தத் தன்னுண்ணல் பொறியால் செரித்துவிடுவது அவற்றில் ஒன்று என ஆய்வுகள் காட்டியுள்ளன. காப்பாற்றும் பொறியே நிலைமை கெட்டால் வீட்டைக் காலி செய்யவும் பயன்படுகிறது.

எப்போதும் நல்லதுதானா?

இல்லை. தன்னுண்ணல் கூடினால் நல்லது என்று நேராகச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான கலத்தில் பழுதுகளைக் கழித்து, புற்றுநோய் தொடங்காமல் தடுக்க அது உதவலாம். ஆனால் புற்றுக் கட்டி ஏற்கனவே வளர்ந்துவிட்டால், இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் அந்தப் புற்றுக் கலங்களும் இதே தன்னுண்ணலால்தான் பசியைத் தாங்கிப் பிழைக்கின்றன. ஆகவே அதை நிறுத்தும் மருந்துகளையும் வைத்தியர்கள் சோதிக்கிறார்கள்.

அவற்றில் ஒன்று நமது மூத்தவர்களுக்கு நன்கு தெரிந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய கசப்பான குளோரோகுயின் குளிசைதான் அது. இலைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து, தன்னுண்ணலின் கடைசிப் படியை அது நிறுத்துகிறது. அதன் உறவான ஐதரொட்சிக்குளோரோகுயின் புற்றுநோய்ச் சிகிச்சையில் துணை மருந்தாகச் சோதிக்கப்பட்டு வருகிறது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஓசுமிக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது அதற்கு நான்கு வாரங்களின் பின்னர். முதற்செய்தி நமது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் நோன்பு?

உணவில்லாத நேரத்தில் இன்சுலின் குறைந்து, குளுக்ககோன் என்ற ஓமோன் கூடுகிறது. குளுக்ககோன் ஈரலில் தன்னுண்ணலைத் தூண்டும் என்பது 1960களிலிருந்தே எலிகளில் தெரிந்த விடயம். எலியை 24 மணித்தியாலம் பட்டினி போட்டால் ஈரலிலும் தசையிலும் தன்னுண்ணல் தெளிவாக உயர்கிறது. ஆகவே பட்டினிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது சரி.

ஆனால் எலியின் ஒரு நாள் மனிதரின் ஒரு நாள் அல்ல. அதன் உடல் மிக வேகமாகச் சக்தியை எரிப்பது. ஒரு நாள் பட்டினியில் தன் நிறையில் கணிசமான பங்கை அது இழந்துவிடும். நமது நாட்டில் நோன்பு ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம். உயிருடன் இருக்கும் ஒருவரின் ஈரலிலோ மூளையிலோ தன்னுண்ணல் எவ்வளவு நடக்கிறது என்று அளக்க, வைத்தியசாலையில் செய்யக்கூடிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எனவே பதினாறாவது மணித்தியாலத்தில் தொடங்கும், இருபதாவதில் உச்சம் அடையும் என்று வரும் அட்டவணைகளை நம்ப வேண்டாம்.

அளந்து தெரிந்த இன்னொன்று இருக்கிறது. 2001இல் 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளர்களிடம் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வில், றமழான் மாதத்தில் கடுமையான குளுக்கோசு வீழ்ச்சி முதலாம் வகை நீரிழிவுக்காரரில் ஏறக்குறைய 5 மடங்காகவும் இரண்டாம் வகைக்காரரில் ஏறக்குறைய 7 மடங்காகவும் கூடியிருந்தது. என் மாமா அந்தக் கணக்கில் இல்லாவிட்டாலும், அதே கணக்கைச் சேர்ந்தவர்தான்.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவும் றமழானும் பற்றிய சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து தந்திருக்கும் வழிகாட்டல் எளிமையானது. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வைத்தியரைக் காணுங்கள். இன்சுலின் அளவையும் குளிசை நேரத்தையும் அவர் மாற்றித் தருவார், அல்லது நோற்க வேண்டாம் என்பார். நோன்போடு இருக்கும்போது விரல் நுனியில் குத்திச் சோதியுங்கள். அதனால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள். ஸஹரை விடாதீர்கள், முடிந்தவரை பிற்படுத்துங்கள்.

நோயாளிக்குச் சலுகை தந்தது மார்க்கம். அந்தச் சலுகையை ஒரு குரல் பதிவை நம்பி நாமே தட்டிவிடுகிறோம். நாம் நோன்பு நோற்பது இறையச்சத்துக்காக. அதற்கு ஸ்டொக்ஹோமிலிருந்து சான்றிதழ் தேவையில்லை. இன்று ஓர் ஆய்வைக் காட்டி நோன்பை நிரூபித்தால், நாளை அந்த ஆய்வு திருத்தப்படும்போது பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வோம்?

கடந்த நோன்பு விடுமுறைக்கு முன் அதே காலைக் கூட்டத்தில் மீண்டும் பேச அனுமதி கேட்டேன். 2017இல் நான் சொன்னது பிழை என்று சொல்லிவிட்டு, சரியானது எது என்று விளக்கினேன். கூட்டம் முடிந்ததும் பத்தாம் தர மாணவி ஒருத்தி பின்னால் வந்து, “டீச்சர், எங்கட உம்மம்மாவும் ஊசி போடுற. அவட்ட என்னெண்டு சொல்ற?” என்று கேட்டாள். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உம்மம்மாவுடன் நீயும் போ, டொக்டர் சொல்வதை எழுதிக்கொண்டு வா என்றேன். போய் வந்தாள். இரவு நேர ஊசியின் அளவு மாற்றப்பட்டிருந்தது, ஸஹர் நேரத்து ஊசி குறைக்கப்பட்டிருந்தது.

என் மாமா இப்போது நோன்பு நோற்பதில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கிறார். இஃப்தாருக்கு எங்களோடு வந்து அமர்ந்து கஞ்சி குடிப்பார். அந்தக் குரல் பதிவு இந்த வருடமும் வந்தது. அதன் கீழே நான் பெரிதாக எதுவும் எழுதவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு முன் வைத்தியரைக் காண வேண்டும் என்ற ஒரு வரியையும், கிளினிக் நடைபெறும் நாட்களையும் மட்டும் போட்டேன். இதை வாசிப்பவர்களும் தங்கள் குழுக்களில் அதையே செய்தால் போதும்.